இறகும் மயிரும் எருவாகட்டும்: குளிர்தேசப் பற்றீரியா புகட்டும் பாடம்

நிலத்திலிருந்து எடுக்கப்பட்டவை நிலத்துக்கே திரும்புதல் வேண்டும் என்பது கமத்தொழிலின் பழைய விதி. சாணம், குழை, சாம்பல், வைக்கோல் என்பன இவ்விதிக்கமைய இன்றும் வயலையும் தோட்டத்தையும் சென்றடைகின்றன. ஆயினும் இவ்விதிக்குப் புறம்பாக ஒதுக்கப்பட்ட பொருள்கள் சிலவுள. கோழியிறகு, தலைமயிர், கொம்பு, குளம்பு ஆகியன அவற்றுள் முதன்மையானவை. கோழியிறைச்சிக் கடையின் பின்புறத்தே குவியும் இறகு சாக்கிற் கட்டப்பட்டு, இருள் சூழ்ந்தபின் வாய்க்காலோரத்திலோ பாலத்தின் கீழோ எறியப்படுகின்றது. சலூன்களிற் கூட்டியெடுக்கப்படும் மயிர் குப்பைமேட்டைச் சேர்கின்றது. எறிந்தவர் தொல்லை நீங்கியதென எண்ணுகின்றார். ஆனால் வாய்க்காலின் கீழ்ப்புறத்தே நீர் பாய்ச்சும் கமக்காரனுக்கு அன்றே தொல்லை தொடங்குகின்றது.

இப்பொருள்கள் இவ்வாறு ஒதுக்கப்படுவதற்குக் காரணம், அவை இலகுவில் உக்குவதில்லை என்பதே. அண்மைக்காலத்தில், அந்தாட்டிக்கா போன்ற கடுங்குளிர்ப் பிரதேசங்களின் மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் இவற்றையும் உடைத்துக் கரைக்க வல்லன என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இச்செய்தி பரவுந்தோறும், கமக்காரரிடையே இருவகை எண்ணம் எழக்கூடும். ஒன்று, அந்தாட்டிக்காவுக்கும் நமது கத்தரித் தோட்டத்துக்கும் யாது தொடர்பு எனப் புறக்கணிப்பது. மற்றையது, அந்த மருந்து போத்தலில் அடைக்கப்பட்டு வரும்வரை கைகட்டிக் காத்திருப்பது. இவ்விரண்டும் பொருந்தா. குளிர்தேசப் பற்றீரியாவிடமிருந்து நாம் பெறவேண்டியது ஒரு பாடம். அப்பாடத்தைக் கற்றுக்கொண்டால், நம் காலடியிற் கிடக்கும் பற்றீரியாவைக் கொண்டே இவ்வாண்டிலேயே வேலையைத் தொடங்கலாம். இதனை நிறுவுவதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

இறகு ஏன் இலகுவில் உக்குவதில்லை?

உலர்ந்த இறகில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கு புரதமாகும். அப்புரதத்தின் பெயர் கெரற்றின். மயிர், நகம், கொம்பு, குளம்பு, ஆட்டின் உரோமம் யாவும் இப்புரதத்தாலானவையே. புரதம் எனின் பருப்பிலும் மீனிலும் உள்ளதன்றோ, அவை இரண்டு நாளில் அழுகிவிடுகின்றனவே, இறகு மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கிற் கிடக்கின்றது எனக் கேட்கலாம்.

விடை அதன் கட்டமைப்பிலே உள்ளது. வேலி அடைப்பவன் கதியால்களை வெறுமனே நட்டுவிட்டால் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடலாம். குறுக்கே வரிச்சு வைத்து இறுகக் கட்டிவிட்டாற் பிடுங்குதல் அரிது. கெரற்றினின் நீண்ட புரத இழைகளும் அவ்வாறே ஒன்றோடொன்று கட்டப்பட்டுள்ளன. கட்டும் கயிறாக நிற்பது கந்தகம். இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து இரு இழைகளைப் பிணைக்கின்றன. இறகையோ மயிரையோ எரிக்கும்போது எழும் நெடிக்கு இக்கந்தகமும் ஒரு காரணம். மாட்டின் வயிற்றிலும் கோழியின் இரைப்பையிலும் சுரக்கும் சாதாரண சமிபாட்டு நொதியங்களால் இக்கட்டை அவிழ்க்க முடிவதில்லை. அந்துப்பூச்சியின் புழு, தோல் தின்னும் சில வண்டுகளின் புழு, சிலவகைப் பூஞ்சணம், சிலவகைப் பற்றீரியா ஆகியவையே இவ்வித்தையை அறிந்தவை.

இவ்வறிவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள இரட்கேர்சுப் பல்கலைக்கழகத்தில், நோவல், நிக்கர்சன் என்னும் இருவர் 1959 ஆம் ஆண்டில், மண்ணில் வாழும் ஸ்ரெப்ரோமைசீஸ் பிராடியே என்னும் நுண்ணுயிர் கெரற்றினை உடைப்பதை வெளியிட்டனர். 1990 ஆம் ஆண்டில், அந்நாட்டின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் ஷீயும் அவருடன் பணியாற்றியோரும், கோழிக்கழிவை நொதிக்கவைத்த தொட்டியொன்றிலிருந்து பசிலசு லைக்கெனிபோர்மிசு என்னும் பற்றீரியாவின் ஓரினத்தைப் பிரித்தெடுத்தனர். அது இறகையே உணவாகக்கொண்டு வளர்ந்தது. அதற்கு உகந்த வெப்பம் 45 முதல் 50 பாகை செல்சியசு வரையாகும். கெரற்றினை உடைக்கும் இத்தகைய நொதியங்களுக்குக் கெரற்றினேசு எனப் பெயர்.

குளிர்தேசத்திற் கண்டது யாது?

அந்தாட்டிக்காவில் வாழும் பென்குயின் பறவை ஆண்டுதோறும் சில வாரங்களுக்குள் தன் இறகு முழுவதையும் உதிர்த்துப் புதிய இறகை அணிந்துகொள்கின்றது. பல்லாயிரம் பறவைகள் ஒருங்கே வாழும் இடங்களில் இவ்விறகு நிலத்தில் மெத்தைபோற் படிகின்றது. அங்கு கோடைகாலத்திலும் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கின்றது. நம் நாட்டு மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் பெரும்பாலும் அக்குளிரில் செயலற்று உறங்கிவிடும். ஆயினும் அங்கும் இறகு மெல்ல மெல்ல உக்குகின்றது. இதனை நோக்கிய பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர், உக்கிக்கொண்டிருந்த பென்குயின் இறகிலிருந்தே லைசோபற்றர் என்னும் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாவைப் பிரித்தெடுத்தனர். அது குறைந்த வெப்பநிலையிலேயே கெரற்றினேசைச் சுரப்பது காணப்பட்டது. அதற்கு முன்னரே, 2005 ஆம் ஆண்டில், பல்கேரிய நாட்டு ஆராய்ச்சியாளர் அந்தாட்டிக்காவிலிருந்து பெற்ற வேறு சில நுண்ணுயிர்களும் கெரற்றினேசைச் சுரப்பதை அறிவித்திருந்தனர். ஆட்டுரோமக் கழிவை உரமாக்கும் ஆராய்ச்சியும் அந்நாட்டில் நடைபெற்றது.

குளிரில் வாழும் உயிரின் நொதியம் எவ்வாறு குளிரிற் செயற்படுகின்றது? நொதியம் என்பது ஒரு பூட்டுக்குரிய திறவுகோலைப் போன்றது. ஆனால் அசையக்கூடிய திறவுகோல். வெப்பதேச உயிரின் நொதியம் இறுக்கமான கட்டுடையது. குளிரில் அது விறைத்து அசைவற்றுப் போகும். குளிர்தேச உயிரின் நொதியமோ தளர்ந்த கட்டுடையது. ஆதலின் குளிரிலும் வளைந்து நெளிந்து வேலை செய்கின்றது. அத்தளர்ச்சியே அதன் குறையுமாகும். சற்று வெப்பம் ஏறினால் அதன் கட்டு குலைந்து, நொதியம் பயனற்றுப்போகின்றது.

தொழிற்சாலை நடத்துவோருக்கு இவ்விரு இயல்பும் நன்மையே. மேலைநாடுகளில் இறகைக் கால்நடைத் தீனியாக்குவதற்கு அதனை அமுக்கமுள்ள கொதிநீராவியில் வேகவைக்கின்றனர். அதற்கு மிகுந்த எரிபொருள் தேவை. மேலும், அவ்வெப்பத்தில் சில அமினோவமிலங்களும் கெட்டுவிடுகின்றன. குளிர் நொதியத்தைக் கொண்டு சூடாக்காமலே இறகைக் கரைக்க இயலுமாயின் எரிபொருள் மீதமாகும். வேலை முடிந்ததும் சிறிது சூடாக்கி நொதியத்தை நிறுத்திவிடலாம். இக்காரணங்களினாலேயே குளிர்தேசப் பற்றீரியாவை ஆராய்ச்சியாளர் தேடிச் செல்கின்றனர். ஆராய்ச்சிச்சாலைக்கும் ஆலைக்கும் உரிய இந்நன்மையை அப்படியே எருக்குவியலுக்கும் உரியதென எண்ணுவதே தவறாகும்.

போத்தல் நொதியம் ஏன் போதாது?

போத்தலை நம்பிக் காத்திருப்போர் மூன்று விடயங்களை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

முதலாவது, வெப்பம். ஒழுங்காக அடுக்கப்பட்ட கூட்டெருக் குவியலின் உட்புறம் சில நாட்களுக்குள் 55 முதல் 65 பாகை வரை சூடேறுகின்றது. அச்சூட்டிலேயே நோய்க்கிருமியும் களைவித்தும் மடிகின்றன. 10, 20 பாகைக்குப் பழகிய நொதியத்தை அக்குவியலில் ஊற்றுவது பனிக்கட்டியை அடுப்பில் இடுவதற்கு ஒப்பாகும். குவியலில் இடுமுன்னரே அது கெட்டுப்போகவும் கூடும். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ தகரக்கூரையின் கீழுள்ள கடையொன்றின் தட்டில் ஒரு மாதம் கிடந்த போத்தலில், தளர்ந்த கட்டுடைய நொதியம் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை வாங்குவோர் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, கந்தகக் கட்டு. கெரற்றினேசு புரத இழையை வெட்டும் கத்தி. ஆனால் கந்தகக் கட்டை அவிழ்ப்பது வேறொரு வேலை. உயிருள்ள பற்றீரியா இவ்விரு வேலைகளையும் ஒருங்கே செய்கின்றது. அது நொதியத்தைச் சுரப்பதோடு, கந்தகக் கட்டைத் தளர்த்தும் பொருள்களையும் வெளியிடுகின்றது. ஆகவேதான் தூய்மையாக்கிய நொதியம் தனித்து நின்று முழு இறகைக் கரைப்பது அரிதாகவும், உயிருள்ள பற்றீரியாக் கூட்டம் எளிதிற் கரைப்பதாகவும் காணப்படுகின்றது. கமக்காரனுக்கு வேண்டுவது உயிர்க்கூட்டமேயன்றித் தனிநொதியமன்று.

மூன்றாவது, காவல். உயிருள்ள பற்றீரியாவையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். மண்ணும் நுண்ணுயிரும் கடல்கடந்து வருதல் சிறு விடயமன்று. ஒருமுறை வந்து பரவிய பயிர்நோயை மீண்டும் கப்பலேற்றி அனுப்ப இயலாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் தாவரத் தடைகாப்புச் சேவையும் இக்காரணத்துக்காகவே உள்ளன. 2021 ஆம் ஆண்டில் வெளிநாட்டுச் சேதனப் பசளைக் கப்பலொன்றின் மாதிரிகளைப் பற்றி எழுந்த பெருந்தகராறு, சேதனப் பொருளாயினும் சோதனை வேண்டும் என்பதை யாவருக்கும் நினைவூட்டியது. பெயரும் முகவரியும் அற்ற பொடியையோ திரவத்தையோ வாங்கித் தோட்டத்தில் இடுதல், தன் வேலிக்கு மட்டுமன்றி அயலவன் வேலிக்கும் தீ வைப்பதாகும்.

நம் மண்ணிலேயே உள்ளது

ஆராய்ச்சியாளர் தேடிய முறையைக் கவனித்தால் உண்மை தெளிவாகும். பிரேசில் நாட்டினர் பென்குயின் இறகு உக்குமிடத்திற் தேடினர். அமெரிக்கர் கோழிக்கழிவுத் தொட்டியிற் தேடினர். எங்கே இறகு நெடுங்காலம் கிடக்கின்றதோ அங்கே அதை உண்ணும் உயிர் கூடிவிடுகின்றது. அஃதே குளிர்தேசப் பற்றீரியா புகட்டும் பாடம். பழைய கோழிக்கூட்டின் அடிமண், இறகு எறிந்துவந்த குழியின் ஓரமண், பல ஆண்டு கிடந்த கோழியெருக் குவியல் ஆகியவற்றில் இத்தகைய பற்றீரியாக்கள் வாழ்கின்றன. ஒரு கூடை அம்மண்ணே நமக்குரிய உறை. பாலைத் தயிராக்கப் பழைய தயிரிற் சிறிது இடுவது போல, புதிய குவியலுக்குப் பழைய குவியலிற் சிறிது இட்டாற் போதுமானது.

குளிர்தேச ஆராய்ச்சியால் நம் நாட்டுக்கு நேரடிப் பயனே இல்லையோ எனின், உண்டு. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகையாகும். ஆண்டின் முதல் மாதங்களில் சில விடியற்காலைகளில் உறைபனியும் படிகின்றது. கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு பயிரிடும் அப்பகுதிக் கமக்காரர் சிறு குவியலை அடுக்கினால் அது போதிய சூடேறுமுன் குளிர்ந்துவிடுகின்றது. மழையும் அதனை நனைக்கின்றது. அத்தகைய இடத்தில் 15 பாகையிலும் சோர்வுறாத பற்றீரியா பெரும் உதவியாகும். ஆனால் அதற்காக அந்தாட்டிக்காவுக்குச் செல்லவேண்டியதில்லை. மலைநாட்டுக் கோழிப்பண்ணைகளின் புறத்தேயுள்ள மண்ணை ஆராய்ந்து, அங்கேயே பிறந்து அங்கேயே பழகிய இனத்தைத் தெரிந்தெடுத்தல் நமது ஆராய்ச்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணியைக் கேட்டுப் பெறுவது கமக்காரர் சங்கங்களின் உரிமையுமாகும்.

குளிர்நாட்டுக் கமக்காரர் இப்பொருளை முன்னரே அறிந்திருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் யோக்சயரிற் கம்பளி ஆலைகளிலிருந்து கழிந்த உரோமத்தை அப்பகுதியினர் ருபாப் என்னும் தண்டுப்பயிருக்கு எருவாக இட்டனர். தெற்கேயுள்ள கெந்து மாகாணத்துத் தோட்டங்களுக்கும் அது சென்றது. கொம்பும் குளம்பும் இடித்த தூள் அந்நாட்டில் நெடுங்காலம் எருவாக விற்கப்பட்டு வந்துள்ளது. குளிர்ந்த மண்ணில் அது மெல்ல உக்கிப் பல மாதங்களுக்கு நைதரசன் ஊட்டியது. போத்தலும் நொதியமும் அறியாத காலத்திலேயே மண்ணின் பற்றீரியா அவ்வேலையைச் செய்தது.

கணக்குப் பார்த்தல்

நன்மையை மிகைப்படுத்தாமற் கணக்கிட்டுக் காண்பது நன்று. கோழியின் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை இறகாகும். நாளொன்றுக்கு 2 கிலோகிராம் நிறையுள்ள 100 கோழி உரிக்கப்படும் கடையில், உலர்ந்த கணக்கிற் குறைந்தது 10 கிலோகிராம் இறகு சேரும் எனக் கொள்வோம். உலர்ந்த இறகில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு நைதரசன் உண்டு. ஆகவே ஒருநாள் இறகில் ஒன்றரைக் கிலோகிராம் நைதரசன் உளது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். எனவே ஒருநாள் இறகு மூன்றேகாற் கிலோகிராம் யூரியாவுக்குச் சமமாகும். மாதத்தில் 25 நாள் கடை நடந்தால், ஒன்றரை அந்தர் யூரியாவுக்கு மேற்பட்ட நைதரசன் வாய்க்காலில் எறியப்படுகின்றது.

இக்கணக்கின் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். குவியலிற் கிடக்கும்போது நைதரசனில் ஒரு பங்கு அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். எஞ்சியதும் யூரியாவைப் போல் உடனே பயிருக்குக் கிட்டாது; மெல்ல மெல்லவே கிட்டும். பொசுபரசும் பொற்றாசியமும் இறகில் மிகச் சிறிதே. ஆதலின் இறகெரு தனித்து நின்று ஒரு பயிரை வளர்க்கமாட்டாது. 2021 ஆம் ஆண்டின் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதனையடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்ததைக் கமக்காரர் எவரும் மறந்திலர். சேதனப் பசளை நல்லது என்பதும், அது ஒரே போகத்தில் யாவற்றையும் ஈடுசெய்யும் என்பதும் ஒன்றல்ல. முன்னையது உண்மை, பின்னையது உண்மையன்று. இறகெருவுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். யூரியாவில் ஒரு பகுதியைக் குறைக்க அது உதவும். முழுவதையும் ஒழிக்க உதவாது.

எப்பயிருக்கு ஏற்றது?

மெல்ல ஊட்டும் எரு நீண்டகாலப் பயிருக்கே முதற்கண் உகந்தது. கத்தரி, மிளகாய், பாகல், வாழை போன்றவை பல மாதம் நின்று காய்ப்பவை. அவற்றின் வேரடியில் இறகெரு சிறிது சிறிதாக நைதரசனை விடுவிக்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களுக்கு இதனாற் பிறிதொரு நன்மையும் உண்டு. அங்கு சுண்ணக்கல்லின் மேலுள்ள மண்ணில் அளவுக்கு மிஞ்சி இடப்படும் யூரியா, பாய்ச்சும் நீரோடு கரைந்து கிணற்று நீரை நைத்திரேற்றால் மாசுபடுத்துகின்றது. அந்நீரையே குழந்தைகளும் பருகுகின்றனர். மெல்ல விடுபடும் எருவை அளவோடு இட்டு, அவ்வளவுக்கு யூரியாவைக் குறைத்துக்கொண்டால் இத்தீங்கு தணியும். எருவையும் இட்டு யூரியாவையும் முன்போலவே இட்டால் தீங்கு கூடுமேயன்றிக் குறையாது என்பதை மறத்தலாகாது.

நெல்லின் நிலை வேறு. மூன்று அல்லது மூன்றரை மாத நெல் மட்டம் வெடிக்கும்போதும் கதிர் உருவாகும்போதும் விரைவாக நைதரசனைக் கேட்கின்றது. அந்நேரத்தில் இறகெரு அளந்து கொடுக்கமாட்டாது. ஆதலின் வயலில் அதனை உழவின்போது அடிக்கட்டாக இட்டு, மேற்கட்டுக்கு விதந்துரைக்கப்பட்ட பசளையை உரிய காலத்தில் இடுதலே அறிவுடைமையாகும். இறகு குறைவாகக் கிடைக்குமிடத்து, அதனை வயலெங்கும் தூவி வீணாக்காது மரக்கறித் தோட்டத்துக்கே ஒதுக்குதல் நன்று.

செய்யும் முறை

1. நோயுற்று இறந்த கோழியின் இறகைச் சேர்த்தலாகாது. அதனைக் கால்நடை வைத்தியர் கூறியவாறு புதைத்தல் வேண்டும். பதனிட்ட தோலின் துண்டுகளில் குரோமியம் இருக்கக்கூடுமாதலின் அவற்றையும் விலக்குக.

2. இறகில் நீர் ஒட்டாது. ஆகவே சாணக்கரைசலில் ஓரிரு நாள் ஊறவைத்து, மேலே பாரம் வைத்து அமிழ்த்துக. மயிரையும் அவ்வாறே செய்க. மயிர் திரணையாகத் திரண்டுவிடுமாதலின் அதனை உதிர்த்து இடுதல் வேண்டும்.

3. இறகில் நைதரசன் மிகுதி, காபன் குறைவு. வைக்கோலிற் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. உலர்ந்த இறகு 10 கிலோகிராமுக்கு வைக்கோல் 120 முதல் 150 கிலோகிராம் வரை சேர்த்தால் இரண்டும் சமன்படும். வைக்கோல் குறைந்தால் அமோனியா நெடி எழும். அந்நெடி பறந்துபோகும் யூரியாவே எனக் கருதி, உடனே மேலும் வைக்கோலிடுக.

4. ஒரு படை வைக்கோல், அதன்மேல் மெல்லிய படை இறகு, அதன்மேற் சாணமும் பழைய கோழிக்கூட்டு அடிமண்ணும் என மாறிமாறி அடுக்கி, ஏறக்குறைய நாலடி உயரத்துக்கு எழுப்புக. மலைநாட்டிற் குவியலைப் பெரிதாக்கி, மழை படாது கூரையிடுக. இறகுப்படை வெளியே தெரியலாகாது. தெரிந்தால் நாயும் காகமும் இழுத்துச் சிதறடிக்கும். எனவே மேலும் பக்கமும் வைக்கோலாலும் மண்ணாலும் மூடுக.

5. பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசியும் ஈரமே போதுமானது. இரும்புக்கம்பியொன்றைக் குவியலின் நடுவிற் செருகிவைத்து, நாள்தோறும் இழுத்துத் தொட்டுப்பார்க்க. கை பொறுக்காத சூடு இருப்பின் பற்றீரியா நன்கு வேலை செய்கின்றது. சூடு தணிந்ததும் குவியலைப் புரட்டி, வெளிப்புறத்தை உட்புறமாக்குக. எல்லாப் பகுதியும் அச்சூட்டைப் பெற்றாலன்றிக் கிருமி மடியாது.

6. தூவி முதலிற் கரையும். தண்டு பிந்தியே கரையும். இறகுத்தண்டு விரலிடையில் நொறுங்கும்போதே எரு பக்குவமாயிற்று. அதற்கு முன் எடுத்து இட்டாற் பற்றீரியா தன் வேலையைப் பயிரின் வேரடியிலே தொடரும். அதனாற் பயிருக்குத் தீங்கு நேரலாம். பச்சை இறகையோ அரைகுறையாய் உக்கியதையோ கீரை, சலாது போன்று பச்சையாய் உண்ணும் பயிருக்கு ஒருபோதும் இடலாகாது.

ஆட்சேபங்கள்

இதில் வேலை அதிகம் என்பர் சிலர். உண்மையே. தனியொருவன் கடைகடையாகச் சென்று இறகு சேர்த்தல் கட்டாது. ஆனால் ஊர்க் கமக்காரர் அமைப்பு ஒரு கடைக்காரருடன் ஒழுங்கு செய்துகொண்டால், இறகை எறிவதற்கு ஆள் தேடும் அவரே அதனைக் குவியலடிக்குக் கொண்டுவந்து சேர்க்க உடன்படக்கூடும். வேண்டாப்பொருள் அவருக்கு, வேண்டும்பொருள் கமக்காரனுக்கு. இருவருக்கும் நடுவே தேவைப்படுவது ஒரு சொல் மாத்திரமே. பிரதேச சபைகளும் இறகைக் குப்பையோடு கலக்கவிடாது தனியே சேர்க்க வழிசெய்தல் வேண்டும். கண்ணாடித்துண்டும் பொலித்தீனும் கலந்த இறகை எவரும் தோட்டத்துக்குக் கொண்டுபோகார்.

துர்நாற்றம் வீசும் என்பர் வேறு சிலர். மூடாத குவியல் நாறும். முறையாக மூடிய குவியல் அவ்வாறு நாறாது. வீட்டுக்கும் கிணற்றுக்கும் விலகி, மழைநீர் தேங்காத மேட்டில் அடுக்குதல் அயலவனுக்குச் செய்யும் கடமையாகும்.

எரித்துவிட்டால் இலகுவன்றோ என்போரும் உளர். எரித்தால் நைதரசன் முழுவதும் புகையோடு போம். கந்தகமும் காற்றைக் கெடுக்கும். எஞ்சுவது ஒரு பிடி சாம்பல். பணத்தாளை எரித்துக் குளிர்காய்வதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை.

இன்னுஞ் சிலர், அந்தாட்டிக்கா வரை சென்று ஆராய்ந்த விஞ்ஞானத்தை விட்டுச் சாணமும் மண்ணும் என்று பழங்கதை பேசுவதோ என வினவலாம். விஞ்ஞானம் கூறியதையே இங்கு கமக்காரனின் கைக்கு எட்டும் வகையிற் கூறப்பட்டது. கெரற்றினின் கட்டு எது, அதனை அவிழ்ப்பது எது, எந்த வெப்பத்தில் எவ்வுயிர் வேலை செய்யும் என்பவற்றை ஆராய்ச்சி கூறிற்று. அவற்றை அறிந்தபின், வெப்பநிலத்துக் குவியலுக்கு வெப்பம் விரும்பும் பற்றீரியாவையும், மலைநாட்டுக்குக் குளிர் தாங்கும் பற்றீரியாவையும் தேர்ந்தெடுப்பதே விஞ்ஞானத்தை மதிப்பதாகும். பெயரைக் கண்டு போத்தலை வாங்குவது அதனை மதிப்பதாகாது.

செய்யவேண்டியது

எதிர்வரும் போகத்துக்கு முன் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஒரு குவியலையேனும் அடுக்கிப் பார்த்தல் வேண்டும். அவ்வெருவை ஒரு தோட்டத்தின் பாதிக்கு இட்டு, மறுபாதியை வழக்கம்போற் செய்து, இருபாதியின் விளைச்சலையும் நிறுத்து எழுதிவைத்தல் வேண்டும். யாரேனும் நொதியப் போத்தல் விற்க வந்தாலும் அதே சோதனையையே செய்க: ஒரு குவியலுக்குப் போத்தல், மற்றொன்றுக்குக் கோழிக்கூட்டு அடிமண். எந்தக் குவியலின் தண்டு முந்தி நொறுங்குகின்றதோ அதற்கே பணத்தையும் உழைப்பையும் கொடுக்கலாம். வாய்ச்சொல்லுக்குக் கொடுக்கவேண்டியதில்லை. சோதனைக்கு உதவி வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகலாம்.

பென்குயின் உதிர்த்த இறகையும் பனிநிலத்து மண் ஏற்றுக்கொள்கின்றது. ஆண்டு முழுவதும் வெயிலும் ஈரமும் பெற்ற நமது மண்ணுக்கு அது இயலாத காரியமன்று. இறகு வாய்க்காலுக்குப் போகாமற் குவியலுக்கு வருமாயின், நீரும் தூய்மையாகும். யூரியாச் செலவிலும் ஒரு பங்கு குறையும். இவ்வேலைக்கு வேண்டிய பற்றீரியா கோழிக்கூட்டின் அடியிலே ஏற்கெனவே காத்திருக்கின்றது. அதற்கு உணவும் ஈரமும் காற்றும் கொடுத்தல் கமக்காரரின் பணி.